வெடிக்கும், வீங்கும், ஒட்டும்: பிரெய்ரி களிமண் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கனடாவோட பிரெய்ரி சமவெளி பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. அதுல ரெஜைனா, வினிபெக் பக்கத்துக் களிமண்ணைப் பத்தி ரெண்டே வரி தான் இருந்துச்சு, ஆனா வந்த கடிதத்துல பாதிக்கு மேல அந்த ரெண்டு வரியப் பிடிச்சுக்கிட்டுத் தான். அதனால இந்த முறை பகுதி முழுக்க அந்த மண்ணுக்கே ஒதுக்கியாச்சு.

கேள்வி: ரெஜைனாவுக்குக் குடிவந்ததுல இருந்து தோட்டத்து மண்ணோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். மே மாசம் மழை பெஞ்சா செருப்பைப் பிடுங்கிக்குது, ஆகஸ்ட்ல கடப்பாரை கூட இறங்கல, கை நுழையுற அளவுக்கு வெடிப்பு. இது என்ன மண்ணு? (வாசகி, ரெஜைனா)

மேடம், உங்க வீடு நிக்கிறது ஒரு பழைய ஏரியோட அடித்தரையில.

பனியுகம் முடியுற சமயத்துல பனிப்பாளம் உருகி வடக்க பின்வாங்குது, ஆனா இந்தச் சமவெளியோட சரிவும் வடகிழக்கு பாத்து தான், அந்தப் பக்கம் பனியே சுவர் மாதிரி அடைச்சு நிக்குது, உருகின தண்ணிக்குப் போக வழி இல்லாம அங்கங்க பெரிய ஏரியாத் தேங்கிடுச்சு. உங்க பக்கம் ரெஜைனா ஏரி, கிழக்கே வினிபெக் பக்கம் அகாசி ஏரி. அகாசி ஏரி, இன்னைக்கு இருக்கிற ஐம்பெரும் ஏரிகளையும் ஒண்ணாச் சேர்த்தாலும் அதைவிடப் பெருசா இருந்தது. ஓடி வர்ற தண்ணியில மணலும் சரளையும் முதல்லயே படிஞ்சிடும், அசையாம நிக்கிற ஏரி நடுவுல தான் கண்ணுக்கே தெரியாத நைஸ் துகள் மெல்ல மெல்ல இறங்கும். அப்படி இறங்கினது தான் உங்க தோட்டம். ஏரி வடிஞ்சு போச்சு, தட்டையான களித்தரை மிச்சம். ரெஜைனாவைச் சுத்தி கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மேடு பள்ளமே இல்லாம இருக்கே, அதுக்கும் இது தான் காரணம்.

சரி, களின்னா எல்லாக் களியும் இப்படியா வெடிக்குது? இல்ல. இங்க இருக்கிறது ஸ்மெக்டைட்ங்கிற கனிமம். டைனோசர் காலத்துல இந்தச் சமவெளி கடலுக்கு அடியில கிடந்தப்போ மேற்கே எரிமலைகள் கக்கின சாம்பல் அந்தக் கடல்ல விழுந்து காலப்போக்குல இந்தக் கனிமமா மாறி, கடலடிச் சேறோட சேர்ந்து ஷேல் பாறையா இறுகிச்சு. அந்தப் பாறையைத் தான் பனிப்பாளம் சுரண்டி அரைச்சு ஏரியில கொண்டு வந்து போட்டுச்சு. ஸ்மெக்டைட்டை சீட்டுக்கட்டு மாதிரி நினைச்சுக்குங்க, ஒவ்வொரு சீட்டும் ஒரு நானோமீட்டர் கனம், சீட்டுக்கு நடுவுல தண்ணி நுழைஞ்சா கட்டே உப்பும், தண்ணி போனா ஒடுங்கும். ஒரு கிராம் ஸ்மெக்டைட்டைப் பிரிச்சு விரிச்சா அதோட பரப்பு 700 சதுர மீட்டருக்கு மேல வரும்னு கணக்கு. இத்தனை பரப்பும் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிறதால தான் ஈரத்துல அப்படி ஒட்டுது, காய்ஞ்சா அப்படி இறுகுது.

இங்கத்து ஆளுங்க இதை கம்போன்னு சொல்வாங்க. மண் ஆய்வுக்காரங்க கிட்ட கேட்டா வெர்ட்டிசால்னு சொல்வாங்க, சஸ்காட்செவன் மாகாணத்து மண் வரைபடத்துல உங்க ஏரியாவுக்கு ரெஜைனா கன களின்னே பேரு. மேற்கே ரோஸ்டவுன், கின்டர்ஸ்லி பக்கம் இன்னும் வறண்ட இடத்துல இருக்கிற இதே ஜாதி மண்ணுக்கு செப்டர்னு பேரு.

கேள்வி: அப்போ இது கரிசல் மண்ணு தானே? குளிர் நாட்டுல எப்படி கரிசல் இருக்கும்? (வாசகர், சஸ்கடூன்)

ஒரே குடும்பம், வளர்ந்த விதம் வேற. கரிசல் பெரும்பாலும் அந்தந்த இடத்துப் பாறை வெப்பத்துலயும் மழையிலயும் சிதைஞ்சு உருவானது, இங்க இருக்கிறது பனி அரைச்சு ஏரி படிய வெச்சது. வெடிக்கிறதும் வீங்குறதும் ரெண்டுக்கும் பொது, ஆனா வருஷத்துல அஞ்சு மாசம் கல்லா உறைஞ்சு கிடக்கிறது இதுக்கு மட்டும் தான், அதனால வர்ற குணமும் தனி.

நீங்க கேட்ட சந்தேகம் நிபுணர்களுக்கும் இருந்ததுங்க. வெர்ட்டிசால்னா வெப்ப நாட்டு மண்ணுன்னே ரொம்ப நாள் பலரும் நினைச்சிருந்தாங்க. கனடாவோட மண் வகைப்பாட்டுல 1998-ல வந்த மூணாம் பதிப்புல தான் இதைத் தனி வரிசையாச் சேர்த்தாங்க. பொதுவா 60 சதவீதத்துக்கு மேல களி, அதுல பாதியாவது ஸ்மெக்டைட், இது தான் அந்த மண்ணோட இலக்கணம். குழி தோண்டினா இன்னொரு அடையாளம் கிடைக்கும்: வீங்கின மண்ணு ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கி உரசுனதுல, சாய்வா, பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு மெல்லிய கோடு விழுந்த முகங்கள் தெரியும். அந்தக் கட்டியை கையில வெச்சு வெளிச்சத்துல திருப்பிப் பாத்தீங்கன்னா மண்ணு நகர்ந்த திசையே தெரியும், பாக்காதவங்க ஒரு தடவை பாக்கணும்.

கேள்வி: வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் கூட மழை இல்லாத ஊர்ல கோதுமை எப்படி விளையுது? களிமண்ணு தண்ணிய விடாதுன்னு வேற சொல்றாங்க. (கல்லூரி மாணவர்)

ரெஜைனாவுக்கு மழையும் பனியும் சேர்த்து சுமார் 390 மில்லிமீட்டர். இதை வெச்சு விளையுதுன்னா அதுக்கு இந்த மண்ணோட கொள்ளளவு தான் காரணம். ஒரு மீட்டர் ஆழத்துல பயிர் உறிஞ்சக்கூடிய தண்ணியா மட்டுமே 150-ல இருந்து 200 மில்லிமீட்டர் வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கும், மணல்ல அதுல பாதி வந்தாலே பெருசு. ஜூலை வெயில்ல மழை ஏமாத்தினாலும் அடியில இருக்கிறத வேர் தேடிப் போய் எடுத்துக்கும், அதனால தான் நூறு வருஷத்துக்கு மேலா இந்தக் களிச் சமவெளிக்கு நல்ல கோதுமை பூமின்னு பேரு.

ஆனா தம்பி, நீங்க சொன்ன ரெண்டாவது விஷயமும் நிஜம். பிடிச்சு வெச்ச தண்ணி முழுசையும் இது பயிருக்குக் கொடுக்காது. தொட்டுப் பாத்தா ஈரமா இருக்கும், பயிர் வாடி நிக்கும், ஏன்னா மிச்சத் தண்ணி அந்த நைஸ் துகளோட அவ்வளவு இறுக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும். காய்ஞ்ச களிமேல 5 மில்லிமீட்டர் தூறல் விழுந்தா மேலாக ரெண்டு விரற்கடை நனையுறதோட சரி, மறுநாள் வெயில்ல அதுவும் ஆவி. அதே தூறல் மணல்ல விழுந்தா கொஞ்சம் ஆழம் போய் தப்பிச்சிடும். சின்னச் சின்ன தூறலா பெய்யுற வருஷம் களிக்காரங்களுக்கு நல்ல வருஷம் இல்ல. இலையுதிர்கால மழையும், வசந்தத்துல உருகுற பனியும், ஜூன்ல ரெண்டு நல்ல மழையும் அமைஞ்சா போதும்.

பனி உருகுறப்போ தான் இந்த மண்ணோட சூட்சுமமே இருக்கு. இலையுதிர்காலம் வறண்டு வெடிப்பு திறந்தபடியே மண்ணு உறைஞ்சிடுச்சுன்னா, ஏப்ரல்ல உருகுற தண்ணி வெடிப்பு வழியா நேரா அடிக்குப் போயிடும், தரை உறைஞ்சிருந்தாலும் தடை இல்ல. அதுவே அக்டோபர்ல நல்லா மழை பெஞ்சு மண்ணு வீங்கி வெடிப்பு மூடி, அப்படியே உறைஞ்சா, தரை மூடி போட்ட மாதிரி ஆயிடும், பனித்தண்ணி பூராவும் பள்ளத்தைப் பாத்து ஓடிடும். ஒரே வயல், ஒரே பனி, முந்தின அக்டோபர் எப்படி இருந்ததுங்கிறத வெச்சு கதையே மாறிடும். இந்த மண்ணைப் பத்தி யார் என்ன கேட்டாலும் நான் முதல்ல திருப்பிக் கேக்கிறது இலையுதிர்காலத்துல ஈரம் எப்படி இருந்துச்சுன்னு தான்.

கேள்வி: அப்போ ரெட் ரிவர் வெள்ளத்துக்கும் இந்த மண்ணு தான் காரணமா? (வாசகர், வினிபெக்)

ஒரு காரணம். மேல சொன்ன மாதிரி ஈரமாவே உறைஞ்ச களி தண்ணிய உள்ள விடாது, அதோட சமவெளியும் தட்டை, தண்ணி வடிய நாளாகும். போதாததுக்கு ஆறு தெற்க இருந்து வடக்க ஓடுது, தெற்கே உருக ஆரம்பிச்சு தண்ணி வர்றப்போ வடக்க இன்னும் பனிக்கட்டி அடைச்சுக்கிட்டு இருக்கும். 1950 வெள்ளத்துல ஊரே பட்டபாட்டுக்கு அப்புறம் தான் நகரத்தைச் சுத்தி 47 கிலோமீட்டர் வெள்ளக் கால்வாய் வெட்டி 1968-ல முடிச்சாங்க, 1997 வெள்ளத்துல அது தான் வினிபெக்கைக் காப்பாத்துச்சு.

கேள்வி: குளிர்ல உறைஞ்சு உறைஞ்சு மண்ணு பொலபொலன்னு ஆகுதாமே, அது நல்லது தானே? (வாசகி, மூஸ் ஜா)

நல்லதும் இருக்கு, பயங்கரமும் இருக்கு. இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இந்தச் சமவெளியோட பெரிய சோகம் இதுல தான் ஆரம்பிச்சது.

இலையுதிர்காலத்துல பாறாங்கல் மாதிரி இருக்கிற கட்டிக்குள்ள ஈரம் உறையுறப்போ விரிஞ்சு கட்டியைப் பிளக்கும், திரும்ப உருகும், திரும்ப உறையும். நடு குளிர்காலத்துல காத்து அவ்வளவு வறட்சியா இருக்கிறதால உள்ள இருக்கிற பனி தண்ணியா மாறாமலே நேரா ஆவியாகும். வசந்தத்துல போய் அள்ளிப் பாத்தா கட்டி எல்லாம் கல்கண்டு உடைச்ச மாதிரி சின்னச் சின்ன மணியா விரல் இடுக்குல உதிரும். விதைக்கிறவனுக்கு இதைவிட வேற என்ன வேணும், எந்தக் கலப்பையும் இப்படி ஒரு பதத்தைக் கொடுக்காது, அதுவும் இலவசமா.

ஆனா 0.84 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்கிற துகளைக் காத்து தூக்கிடும்னு மண் அரிப்பு ஆய்வுல ஒரு கணக்கு உண்டு. குளிர் உதிர்த்த மணிகள்ல நிறைய அந்த அளவுக்கு வந்துடும். மேல அறுப்புக்கு அப்புறம் நிக்கிற தாள் கட்டையோ வைக்கோலோ இல்லாம மொட்டையா கிடந்தா ஏப்ரல், மே காத்துல வயலே கிளம்பிப் போயிடும். களிமண்ணு கனமாச்சே, அது எப்படிப் பறக்கும்னு தான் எல்லாரும் நினைப்பாங்க. 1930-கள்ல பறந்துச்சு. அப்போ ஈரம் சேமிக்கிறதுக்காக ஒரு வருஷம் விதைக்காம தரிசா விட்டு, களை வரக்கூடாதுன்னு திரும்பத் திரும்ப உழுது புழுதியாக்கி வெச்சிருந்தாங்க, அதோட வறட்சியும் வருஷக்கணக்கா தொடர்ந்துச்சு, பகல்லயே விளக்கேத்துற அளவுக்குப் புழுதிப் புயல். வேலியோரம் மண்ணு மேடாக் குவிஞ்சு வேலியே மூடிப்போச்சு. குடும்பம் குடும்பமா நிலத்தை விட்டுட்டுக் கிளம்பினாங்க. விதைக்கிறவன் பதம்னு நினைச்சு சந்தோஷப்பட்டதே அவன் நிலத்தைக் காத்துல கொண்டுபோச்சுன்னு நினைக்கிறப்போ மனசு கனக்குது.

1935-ல கனடா அரசு இதுக்காகவே பிரெய்ரி பண்ணை மீட்பு நிர்வாகத்தை ஆரம்பிச்சு ரெஜைனாவுல தலைமையகம் வெச்சாங்க. ஆல்பர்ட்டாவுல சார்லஸ் நோபிள்ங்கிற விவசாயி மண்ணைப் புரட்டாம அடியிலயே களை வேரை அறுத்துட்டு தாளை மேல அப்படியே விட்டுடுற ஒரு பிளேடைக் கண்டுபிடிச்சார், அது பிரெய்ரி முழுக்கப் பரவுச்சு. இன்னைக்கு பெரும்பாலான பண்ணையில உழவே கிடையாது, போன வருஷத் தாள் கட்டைக்கு நடுவுலயே நேரடியா விதை போடுறாங்க. அந்தத் தாள் கட்டை குளிர்காலத்துல பனியையும் பிடிச்சு நிறுத்தும், ஈரமும் கூடும். என்னைக் கேட்டா பிரெய்ரி விவசாயத்துல நடந்த ஆகப்பெரிய நல்ல காரியம் இது தான்.

கேள்வி: பேஸ்மென்ட் தரை நடுவுல மேல எழும்பி நிக்குது, கதவு சாத்த மாட்டேங்குது, சுவர்ல சாய்வா விரிசல். வீட்டை வித்துட்டுப் போயிடலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார். (வாசகி, ரெஜைனா)

அவசரப்படாதீங்கம்மா, ரெஜைனாவுல இந்தப் புலம்பல் இல்லாத தெரு குறைவு. வீடு கட்டினதும் அந்த இடத்து மண்ணு மேல மூடி போட்ட மாதிரி, அடியில இருக்கிற ஈரம் ஆவியாக வழி இல்லாம வருஷக்கணக்கா சேரும், நடுவுல மண்ணு வீங்கி தரை ஸ்லாப்பைத் தூக்கும். வெளிப்பக்கமோ வறட்சியில சுருங்கி சுவரைக் கீழ இழுக்கும். நடுப்பகுதி மேல, ஓரம் கீழ, வீடு வளையுது, கதவு மாட்டிக்குது. பேஸ்மென்ட்ல இரும்புத் தூண் நிக்குமே, டெலிபோஸ்ட், அதுல ஸ்க்ரூ இருக்கிறதே இதுக்காகத் தான், தரை ஏறினா திருகி இறக்கலாம், இறங்கினா ஏத்தலாம். ஆனா நீங்களா ஸ்பேனரை எடுக்காதீங்க. ஒரேயடியா திருகினா மேல இருக்கிற சுவர் பிளந்துக்கும், அளந்து பாத்து கொஞ்சம் கொஞ்சமாத் தான் திருப்பணும், விவரம் தெரிஞ்ச இன்ஜினியரை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிடுங்க.

அதுக்கு முன்னாடி வெளிய போய் கூரைத் தண்ணி எங்க விழுதுன்னு பாருங்க. கூரைத் தண்ணி இறங்குற குழாய், அதாவது டவுன்ஸ்பவுட், சுவர் ஓரமே கொட்டிட்டு இருந்தா ஒரு பைப் நீட்டி ரெண்டு மீட்டராவது தள்ளி விடுங்க. சுவத்துல இருந்து தரை வெளிப்பக்கமா சரியணும், உள்பக்கமா சரிஞ்சிருந்தா மண்ணு போட்டு மேடாக்குங்க. வீட்டை ஒட்டி பாப்லரோ வில்லோவோ பெருசா இருந்தா அது கோடையில உறிஞ்சுற தண்ணியில அந்த மூலை மட்டும் இறங்கும். இருக்கிற மரத்தைப் பட்டுன்னு வெட்டினாலும் ஆபத்து, காய்ஞ்சு கிடந்த மண்ணு திரும்ப ஈரம் குடிச்சு வீங்கும். முக்கியமானது என்னன்னா ஈரம் ஒரே சீரா இருக்கணும், ஒரு பக்கம் பூச்செடிக்கு தினமும் தண்ணி, மறுபக்கம் வறட்சின்னு விடாதீங்க.

புதுசா கட்டுறவங்க ஆழமா பைல், அதாவது தரைக்குள்ள போற தூண், இறக்கி, பீமுக்கும் மண்ணுக்கும் நடுவுல வேணும்னே இடைவெளி விட்டுக் கட்டுவாங்க, மண்ணு வீங்குனா வீங்கட்டும்னு. சிமென்ட்டும் சல்பேட்டைத் தாங்குற ரகமா இருக்கணும். மழை குறைவுங்கிறதால இந்த மண்ணுல உப்பு அடிச்சுட்டுப் போகாது, ஜிப்சமும் மத்த சல்பேட்டும் அடியில அப்படியே தங்கி சாதா கான்கிரீட்டை அரிச்சுடும். இதுக்குத் தீர்வு தேடினவர் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் தோர்பெர்குர் தோர்வால்ட்சன், சல்பேட்டைத் தாங்குற சிமென்ட்டுக்கு அவரோட ஆராய்ச்சி தான் அஸ்திவாரம்.

கேள்வி: சிவில் படிக்கிறேன். ட்ரான்ஸ்கோனா தானிய எலிவேட்டர் சாய்ஞ்சது இந்த வீங்குற குணத்தாலயா? (மாணவி, வினிபெக்)

இல்லம்மா, அது வேற கதை. 1913 அக்டோபர் 18, வினிபெக் பக்கத்துல வடக்கு ட்ரான்ஸ்கோனாவுல புதுசா கட்டின தானியக் கிடங்கு, 65 கான்கிரீட் குதிர், 10 லட்சம் புஷல் கொள்ளளவு. முதல் தடவை நிரப்பிட்டு இருக்காங்க, சுமார் 8,75,000 புஷல் ஏறினப்போ இறங்க ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துல ஒரு அடி இறங்கிடுச்சு. அப்புறம் மெல்ல மேற்கே சாய்ஞ்சு 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 27 டிகிரி. கட்டடம் உடையல, அது தான் அதிசயம். தானியத்தை இறக்கி, அடியில பாறை வரைக்கும் தூண் இறக்கி, ஜாக்கி வெச்சு நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தினாங்க.

காரணம், அகாசி ஏரிக் களி மேல கொஞ்ச ஆழம் வரைக்கும் காய்ஞ்சு காய்ஞ்சு கெட்டியா இருக்கும், அதுக்குக் கீழ எப்பவும் ஈரமா மெத்துன்னு இருக்கும். அவங்க மேல இருந்த கெட்டிக் களியைச் சோதிச்சுப் பாத்து திருப்தி ஆயிட்டாங்க, அவ்வளவு பெரிய கட்டடத்தோட பாரம் அடிக்களி வரைக்கும் போகும்ங்கிறது அன்னைக்கு யாருக்கும் சரியாப் பிடிபடல. 1950-களோட தொடக்கத்துல அங்க போர் போட்டு மண்ணெடுத்து கணக்குப் போட்டப்போ, தாங்குதிறன் சூத்திரம் சொல்ற பாரமும் அன்னைக்கு இருந்த பாரமும் கிட்டத்தட்ட ஒத்துப்போச்சு. உங்க பாடப்புத்தகத்துல இது இருக்கிறதுக்கு அது தான் காரணம்.

கேள்வி: களியோட ஆத்து மணல் கலந்தா இளகுமா? ஜிப்சம் போடலாமா? (பல வாசகர்கள்)

மணல் வேண்டவே வேண்டாம். பாதிக்கு மேல மணல் ஆகுற அளவுக்குப் போட்டா தான் குணம் மாறும், அது லாரி லாரியா ஆகும், கொஞ்சமா போட்டா செங்கல் மாதிரி இறுகிடும். ஜிப்சம் சோடியம் கூடுதலா இருக்கிற மண்ணுக்குத் தான் மருந்து, ரெஜைனா களியில அடியில ஏற்கனவே ஜிப்சம் இருக்கு. மக்கின இலை, கம்போஸ்ட், வைக்கோல், இது மட்டும் வருஷா வருஷம் விடாம போடுங்க. உரம்னு பாத்தா பொட்டாஷ் இந்த மண்ணுல பொதுவா தாராளம், பாஸ்பரஸ் தான் சுண்ணாம்போட போய் மாட்டிக்கும், அதனால விதைக்குப் பக்கத்துலயே வைக்கிறது நல்லது. தழைச்சத்தை ஈரம் தேங்குற சமயத்துல போட்டா கொஞ்சம் காத்தோட போயிடும்.

கேள்வி: நம்ம வீட்டு மண்ணு இது தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எப்போ கொத்தலாம்? (வாசகி, ரெஜைனா)

ஒரு பிடி எடுத்து சப்பாத்தி மாவு பதத்துக்குத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அழுத்தி நாடா மாதிரி வெளிய தள்ளுங்க. அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல அறுந்து விழாம நீண்டா களி. நறநறன்னு உரசல் துளியும் இல்லாம வழுவழுன்னு நீளமாப் போயிட்டே இருந்தா கன களி. அடிமண்ணுல ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு.

கொத்துறதுக்கு முன்னாடி அதே மண்ணை உருட்டிப் பாருங்க. திரி மாதிரி உருண்டா ஈரம் அதிகம், அன்னைக்குக் கொத்தக்கூடாது, மிதிக்கவும் கூடாது, ஒரு தடவை மிதிச்சு இறுகினது அந்தக் கோடை முழுக்க அப்படியே நிக்கும். உருட்டுறப்போ உதிர்ந்தா கொத்தலாம். வசந்தத்துல இந்தப் பதம் ரெண்டு மூணு நாள் கூட நிக்காது, மண்ணு சூடேறவும் மணல் நிலத்தை விட தாமதமாகும், அதனால பெரிய வேலையை செப்டம்பர் கடைசியிலயே வெச்சுக்குங்க. கட்டியை உடைக்காம அப்படியே போட்டு, மேல உதிர்ந்த இலையைப் பரப்பி விட்டுடுங்க, மிச்சத்தை குளிர்காலம் பாத்துக்கும். மே மாசம் இலையை ஒதுக்கிட்டு விதை போடுங்க.